காலியாக வந்த கேரியர்

டிப்போ பட்டறையில் பேருந்து இருக்கைகளுக்கு உறை தைப்பவளை எல்லாரும் 'சீட்டக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷ வேலை. ஊசி ஏறி ஏறிக் கட்டைவிரல் நகமே கோணிப்போயிருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் தையலைப் பற்றி ஒரு வார்த்தை வராது. வீட்டுக்குப் பின்னால் ஒரு பேருந்து நீளத்துக்குக் கிடந்த மண்ணைப் பற்றித்தான் பேசுவாள்.

"சந்தைக்கு வர்ற காய் மூணு நாள் லாரியில தூங்கிட்டு வருது. என் பீன்ஸ் கொடியிலிருந்து சட்டிக்கு வர மூணு நிமிஷம். எதுல சத்து இருக்கும், நீயே சொல்லு."

கண்ணுக்கு இது, குடலுக்கு அது என்று அவள் அடுக்க ஆரம்பித்தால் மெக்கானிக்குகள் ஸ்பானரைப் போட்டுவிட்டு நழுவுவார்கள்.

அவள் புருஷன் பஸ் டிரைவர். தொலைதூர வண்டிக்கு மாறிய நாளிலிருந்து பதினொரு வருஷம், காலையில் அவர் கிளம்பும்போது மூன்றடுக்குக் கேரியர் தயாராக இருக்கும். ஒன்றில் கீரை, ஒன்றில் வதக்கிய கத்தரிக்காயோ வெண்டைக்காயோ, மேலடுக்கில் ரொட்டி. திரும்பி வரும்போது வழித்துத் துடைத்த மாதிரி காலியாக இருக்கும்.

"எப்படிங்க இருந்துச்சு?"

"உன் கைப்பக்குவத்துக்குக் கேக்கணுமா?"

அந்த ஒரு பேச்சில் அவளுக்கு வயிறு நிறைந்துவிடும். லீவு நாளில் வீட்டில் சாப்பிடும்போது அவர் வாய்க்கு வாய் தண்ணீர் குடித்து அவசர அவசரமாக விழுங்குவார். பசி என்று நினைத்துக்கொள்வாள்.

ஒரு மதியம் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு நெஞ்சு அடைத்தது. எப்படியோ ஓரங்கட்டி, பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் ஸ்டியரிங்கில் சாய்ந்தார். பயணிகள் ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "வெளியில பொரிச்சது, இறைச்சி எல்லாம் நிறைய சாப்பிடுவாரா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "யாரு, இவரா? பதினொரு வருஷமா என் தோட்டத்துக் காயைத் தவிர வேற எதையும் தொட்டதே இல்ல டாக்டர்."

டாக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார். புருஷன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பெண்டாட்டி பெருமையடிக்கிறாளே என்று கூச்சப்படுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். நாலாம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார்.

ஒரு மாதம் கழித்து, அவரோடு அதே வண்டியில் ஓடிய கண்டக்டர் வந்தான். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். சொல்லாம எனக்குத் தூக்கமே வரல."

"சொல்லு தம்பி."

"அந்த கேரியர்ல அண்ணன் ஒரு வாய் சாப்பிட்டதில்ல. இத்தனை வருஷமும் நான்தான் சாப்பிட்டேன்."

மீதியை அவன் விட்டு விட்டுச் சொன்னான். வண்டி நிற்கும் சாப்பாட்டுக் கடையில் டிரைவருக்கு எல்லாம் இலவசம். தினமும் பொரித்த இறைச்சி, சர்க்கரை தூக்கலாக ரெண்டு டீ. சின்ன வயசில் வீட்டில் ஒன்றுமில்லாத காலத்தில் ரெண்டு வருஷம் வெறும் கீரையை வேகவைத்துத் தின்று வளர்ந்தவராம். காய் வேகிற வாசம் வந்தாலே குமட்டுமாம்.

"உங்ககிட்ட நான் சொல்லிடறேன்னேன், அண்ணி. 'அவ முகம் வாடினா எனக்குத் தாங்காதுடா'ன்னு சத்தியம் வாங்கிட்டாரு." அவன் தலை குனிந்தான். "எனக்குச் சர்க்கரை இருந்துச்சு. உங்க காயைச் சாப்பிட ஆரம்பிச்சப்புறம் மெல்ல மெல்லக் குறைஞ்சுது. டாக்டரே ஒரு மாத்திரையை நிறுத்திட்டாரு."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஒட்டிய வயிறு, தெளிந்த கண். பார்க்கவே பிடிக்கவில்லை. தன் புருஷன் உடம்பில் சேர வேண்டிய பதினொரு வருஷம் அங்கே நின்றுகொண்டிருந்தது.

"லூசு மனுஷன்," என்றாள் கடைசியில். "கீரை பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பூசணி குடுத்திருப்பேனே. அதுவும் வேணாம்னா வாசம் தெரியாம வேற மாதிரி செஞ்சிருப்பேன். ஏதோ ஒண்ணு இறங்கியிருக்குமேடா."

புதைத்த அன்றுகூட அப்படி அழாதவள், அன்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்கப்புறம் அவள் பின்கதவைத் திறக்கவேயில்லை. பீன்ஸ் முற்றிக் கொடியிலேயே காய்ந்தது. கண்டக்டர்தான் லீவு நாட்களில் வந்து, கேட்காமல் கொள்ளாமல் தண்ணீர் விட்டுவிட்டுப் போனான். அவள் தடுக்கவுமில்லை, வா என்று சொல்லவுமில்லை.

ரெண்டு மாதம் போனபின் ஒருநாள் பை நிறையக் காயோடு பட்டறைக்கு வந்தாள். கண்ணுக்கு, குடலுக்கு என்று எதுவும் பேசவில்லை. ஒவ்வொருத்தர் முன்னாலும் போய் நின்று கேட்டாள்:

"இது உனக்குப் பிடிக்குமா? என் முகத்தைப் பார்க்காதே. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு."