கழுவாமல் வந்த ரேஸர்

சைகோனிலிருந்து என் மச்சானின் பெட்டி வந்தது. மச்சான் வரவில்லை.

நாலைந்து வாரமாகப் பத்திரிகையில் இந்தப் பக்கத்தில் ஆளைக் காணோமே என்று கடிதம் போட்டவர்களுக்கும், வில்லியனூர் சந்தையில் என் தாடியைப் பார்த்து, "இன்னா சாமி, எந்த மலைக்குக் கிளம்பிட்டே?" என்று சிரித்தவர்களுக்கும் சேர்த்து இன்றைக்குப் பதில் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஜோடித்து எழுத வராது. நடந்தது நடந்தபடி.

முதலில் தாடி.

என் வீட்டுக்காரி அஞ்சலை பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். அந்தச் சமயத்தில் புருஷன்காரன் முகத்தில் கத்தி படக்கூடாது — எங்கள் பக்கம் அது வழக்கம். முடி எடுக்கக்கூடாது. சாவு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. யாருக்கும் காரியம் செய்யக்கூடாது. படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொள்ளட்டும்! நான் கோகிலாம்பாள் சன்னதியில் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினவன். ஏனென்றால்... எங்களுக்கு ஏற்கெனவே ஒன்று கை நழுவிப் போயிருந்தது.

நாலு வருஷம் ஆகிறது. அப்போது அஞ்சலைக்கு ஏழாம் மாசம். தெருக்கோடியிலிருந்தே ஒருத்தன் கத்திக்கொண்டு வந்தான் — "அஞ்சல, உங்கம்மா பூட்டாங்க!" அவள் கையிலிருந்த சொம்பு விழுந்தது. அவளும் விழுந்தாள். பொழுது விடிவதற்குள் குழந்தையும் போய்விட்டது.

இப்போது எட்டு முடிந்து ஒன்பது பிறந்திருந்தது. இந்த நேரம் பார்த்துத்தானா மேரி ஆபீசிலிருந்து எனக்கு ஆள் வர வேண்டும்?

மேரி ஆபீஸ் என்றால் எங்கள் கொம்யூனுக்கு, அதாவது எங்கள் வட்டாரத்துக்கு, பிரெஞ்சு சர்க்கார் கச்சேரி. குமாஸ்தா பிரெஞ்சுக் காகிதம் ஒன்றைப் படித்துத் தமிழில் சொன்னார். அஞ்சலைக்கு ஒரே அண்ணன் கோதண்டம். தாய் தகப்பன் போயாயிற்று, கல்யாணமும் கட்டவில்லை. சைகோன் துறைமுகத்தில் காவல் வேலை. காய்ச்சலில் இறந்துபோனானாம். அங்கேயே எரித்துவிட்டார்களாம். சொல்லிவிட்டு ஒரு தகரப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு வரும் வழியெல்லாம் கரும்புத் தோட்டம். காற்றே இல்லை. தோகை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்வீர்களா?

நான் சொல்லவில்லை.

"மச்சான் லீவுல வருதாம். சாமானை முன்னாடியே அனுப்பி வச்சிடுச்சு" என்றேன்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் ஒரு பொய்யோடு நிறுத்தமாட்டான். பெட்டியைத் திறந்து காட்டினேன். இரண்டு சட்டை, ஒரு பெல்ட், அடியில் சவர சாமான்கள். மரக் கிண்ணத்தில் பாதி கரைந்த சோப்பு. ஒரு பிரஷ். அப்புறம் வெள்ளி மாதிரிப் பளபளக்கும் சேஃப்டி ரேஸர். பிடியைத் திருகினால் மூன்று துண்டாகக் கழன்று வரும். நடுவில் வெற்றிலைக் காம்பு கிள்ளக்கூடப் போதாத மெல்லிய பிளேடு. அந்த ரேஸரை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன்.

"இந்தா, வந்ததும் இதைத்தான் தேடும். சோப்பு பிரஷ்ஷோட கெணத்தாண்ட மாடத்துல வை."

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் அதன் பல்வரிசையில் ஒரு நிமிஷம் நின்றது.

"சரிங்க" என்றாள். அவ்வளவுதான்.

எனக்கோ பெரிய கண்டத்தைத் தாண்டிவிட்ட மாதிரி இருந்தது.

இங்கே கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன லீவில் வந்தபோது கோதண்டம் எங்கள் கிணற்றடிச் சுவரில் ஆணி அடித்து ஒரு கண்ணாடி மாட்டினான். சவரத்துக்குக் கன்னியப்பன் வரும் நாளுக்காக ஊரே காத்திருக்கும். இவன் மட்டும் தினம் காலையில் தானே நுரை பூசித் தானே வழித்துக்கொள்வான். நல்ல உயரம் அவன். அவன் உயரத்துக்கு மாட்டின கண்ணாடியில் எனக்கு என் நெற்றி மட்டும்தான் தெரியும். "மாப்பிள்ளைக்கு அது போதும், விபூதி பூச!" என்பான்.

பெட்டி வந்த நாலாம் நாள். விடிந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கிணற்றடிக்குப் போனேன். குப்பென்று ஒரு வாசனை. சோப்பு வாசனை. எங்கள் வீட்டில் சீயக்காய்தான்.

கண்ணாடியில் நுரை இருந்தது.

சும்மா தெறித்த நுரை இல்லை. காதிலிருந்து காதுவரை, தாடையைச் சுற்றி வளைத்து, பிறைபோலப் பூசியிருந்தது. மீசை இருக்கும் இடம் மட்டும் காலி. கோதண்டம் மீசைக்காரன். முகம் இல்லாத இடத்தில் ஒரு முகத்தின் நுரை!

மாடத்தைப் பார்த்தேன். பிரஷ் ஈரம். ரேஸர் காய்ந்து கிடந்தது.

துண்டால் அவசரமாகத் துடைத்தேன். அஞ்சலை பார்த்துவிடக்கூடாதே! அவனுக்கு இன்னும் எள்ளும் தண்ணீரும் இறைக்கவில்லை. கொள்ளி போட்டவன் யாரோ ஊர் பேர் தெரியாதவன். நானோ செய்யக்கூடாதவன். செய்ய வேறு ஆளைத் தேடினால் அஞ்சலைக்குத் தெரிந்துவிடும். நடுவழியில் நிற்கிற ஆத்மா எங்கே வரும்? தங்கச்சி வீட்டுக்குத்தானே வரும்?

மறுநாளும் நுரை. அதற்கு மறுநாளும்.

ஏழாம் நாள் பார்த்ததைத்தான் எழுதத் தயங்குகிறேன். நுரை பூசியிருந்தது — அதன் குறுக்கே பட்டை பட்டையாக வழித்தும் இருந்தது. வலது காதுப் பக்கம் மேலிருந்து கீழாக, இரண்டு விரல் அகலத்துக்கு, ஒரே சீராக. ஒரு பட்டை, இரண்டு பட்டை, மூன்று. சேஃப்டி ரேஸர் போன தடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் வழிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

மறுபடி ரேஸரை எடுத்தேன். பொட்டு ஈரம் இல்லை.

அன்று முழுக்க அம்பாள் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். வாசற்படியிலும் கிணற்றடியிலும் விபூதி தூவினேன். அஞ்சலை பார்த்துவிட்டு, "எறும்புக்கா?" என்றாள். "ஆமா" என்றேன். எறும்புக்கு யாராவது விபூதி போடுவார்களா? அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் வெள்ளென எழுந்து, மாட்டுக் கொட்டகை ஓரமாக நின்று பார்த்தேன். கிழக்கு வெளுத்துவிட்டது. காக்காய் கத்த ஆரம்பித்துவிட்டது.

கண்ணாடிக்கு முன்னால் ஒரு உருவம் உயரமாக நின்றது. கை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

அப்போது உருவம் லேசாகத் திரும்பியது... வயிறு தெரிந்தது.

அஞ்சலை! ஒன்பது மாச வயிற்றோடு, கவிழ்த்துக் கிடந்த உடைந்த உரல்மேல் ஏறி நின்றுகொண்டு, இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷால் கண்ணாடிக்கு நுரை பூசிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு முகம் கழுவிவிடுகிற மாதிரி, அவ்வளவு பதமாக.

சத்தம் போட்டால் விழுந்துவிடுவாள். மூச்சை அடக்கிக்கொண்டு போய் முழங்கையைப் பிடித்தேன்.

"எறங்கு."

இறங்கினாள். பதறவில்லை.

"உனுக்கு இன்னா பைத்தியமா? புள்ளைத்தாய்ச்சி உரல்மேல ஏறுவாளா?"

"கத்தாதீங்க. பயந்துக்கப் போவுது" என்று வயிற்றைத் தடவினாள். அப்புறம் சொன்னாள்: "அண்ணன் செத்துப் போச்சுன்னு எனக்குத் தெரியும்."

நான் உரல்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"யாரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க. ரேஸரைக் கையில குடுத்தீங்களே! அதுக்குள்ள நுரை காஞ்சி கெடந்துது. நுரையில பொடிப்பொடியா முடி. எங்கண்ணன் ஒரு நாளாச்சும் ரேஸரைக் கழுவாம வச்சிருக்குதா? மூணா கழட்டி, அலசி, தொடைச்சி, எண்ணெ தடவித்தானே வைக்கும். உசுரோட இருக்கிற ஆளு அப்படியே போட்டு அனுப்புமா?"

பொய்யை நம்ப வைக்க நான் நீட்டிய சாமானே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது!

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க பயந்துக்குவீங்க. எனக்குத் தெரிஞ்சிட்டா கொழந்தைக்கு ஆவாதுன்னு நீங்க ராவும் பகலும் செத்துப் பொழைக்கிறது எனக்குத் தெரியாதா? அதான் தெரியாத மாதிரி இருந்தேன்."

"நுரை எதுக்கு?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "போன லீவு கடைசியில ஒரு வாரம் அதுக்குக் கை வீங்கிக் கெடந்துது இல்ல? நான்தான் தெனம் நுரை பூசிவிட்டேன். 'உன் கையால பூசினா எரியலடி'ன்னு சொல்லும். எள்ளுத் தண்ணி விட நான் ஆம்பள இல்ல. விட வேண்டிய நீங்களும் விட முடியாது. ஒரு தண்ணியும் இல்லாம எப்படி அனுப்பறது? சோப்புத் தண்ணியாவது இருக்கட்டுமே... அது மொகம் இருந்த எடம் இந்தக் கண்ணாடிதானே?"

அப்போதுதான் அவள் அழுதாள். சின்னதாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நான் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வருஷத்துக்கு முந்தின அந்த நாள் என் கண்ணில் நின்றது. உள்ளே பிள்ளை ஒரு உதை விட்டது. புடவை மேலேயே தெரிந்தது. அவளே சிரித்துவிட்டாள்.

கோகிலாம்பாளே என்று கும்பிட்டேன். பயம் எல்லாம் விட்டது என்றுதான் நினைத்தேன். அந்தத் தைரியத்தில், சும்மா விளையாட்டாகக் கேட்டேன்.

"நுரை பூசினது சரி. நேத்து வழிச்சியே, அது எதுக்கு?"

அவள் முகம் மாறியது.

"வழிச்சனா? ரேஸரை நான் தொடலீங்க. அதுல அண்ணன் முடி இருக்குது. அண்ணன் உடம்புலேர்ந்து இந்த வூட்டுக்கு வந்தது அது ஒண்ணுதான். அதைப் போயி நான் தண்ணியில விடுவனா?"

இரண்டு பேரும் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தோம். அவள் பூசிய நுரை அப்படியே இருந்தது. மெதுவாக வடிந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்க்கிற வரைக்கும் வேறொன்றும் நடக்கவில்லை.

"நாளைக்கே காரியத்தை முடிங்க" என்றாள் அஞ்சலை.

முடித்தோம். திருக்காஞ்சி ஆற்றங்கரையில் அஞ்சலை வீட்டுப் பங்காளி ஒருவர் நின்று செய்தார். நான் போகவில்லை, போகக்கூடாது. உடம்பு இல்லாத சாவுக்கு என்னத்தை வைத்துச் செய்வது? கன்னியப்பன் வந்து ரேஸரைக் கழற்றி, காய்ந்த நுரையோடு அந்த முடியை வாழையிலையில் வழித்து எடுத்தான். "ஐயா, முப்பது வருசமா ஊருக்கே செரைக்கிறேன். ஒரு ஆளு மொத்தமும் இத்தனூண்டு எலையில வந்து நான் பாத்தது இல்ல" என்றான். அந்த இலைதான் ஆற்றோடு போனது.

ரேஸரைக் கழுவி, எண்ணெய் தடவி, சோப்பு பிரஷ்ஷோடு பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் அரைஞாணில். கிணற்றடி அதன் பிறகு சுத்தமாக இருந்தது. கண்ணாடியை யாரும் தொடவில்லை. அடுப்புப் புகையும் புழுதியும் ஏறி மங்கிப்போய்விட்டது.

போன வியாழக்கிழமை காலையில் அஞ்சலைக்கு வலி எடுத்தது. கன்னியப்பன் சம்சாரம் பச்சையம்மாள்தான் மருத்துவச்சி. வெந்நீர், வெந்நீர் என்று என்னை விரட்டினாள். கிணற்றடிக்கு ஓடினேன்.

சோப்பு வாசனை.

கண்ணாடியில் நுரை இல்லை. ஆனால் அத்தனை புழுதிக்கு நடுவில், ஒரு தாடை அளவுக்கு மட்டும், பளிச்சென்று துடைத்த மாதிரி இருந்தது. மீசை இருக்கும் இடத்தில் புழுதி அப்படியே.

வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிப் பெட்டியைத் திறந்தேன். திறக்கும்வரை பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. பிரஷ் சொதசொதவென்று ஈரம். ரேஸரில் நான் தடவிய எண்ணெய் இல்லை. நீர்த்துளி நின்றது.

வெந்நீர் மறந்தே போனது. அம்பாளே, எதற்கு வந்திருக்கிறான்? எடுத்துக்கொண்டு போகவா? பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, "மச்சான், வேணாம்... அவளை விட்டுடு" என்று வாய்விட்டே கெஞ்சினேன்.

அந்த நேரம் பார்த்து உள்ளே குழந்தை அழுதது.

பெண் குழந்தை. நல்ல குரல். தாயும் சேயும் சௌக்கியம். பச்சையம்மாள் என்னைக் கூப்பிட்டு, "வெந்நி கேட்டா பொட்டியாண்ட பூஜை பண்ணிக்கினு இருக்கிறாரு!" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

அஞ்சலை களைத்துப்போய்ப் படுத்திருந்தாள். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பார்த்தவள் கேட்டது இதுதான்:

"மறுபடி இன்னாத்தை மறைக்கிறீங்க?"

இந்த வீட்டில் யாருக்கு எது தெரியக்கூடாது என்று நான் காபந்து பண்ணுகிறேனோ, அது எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. இனி எதற்கு? கண்ணாடியைச் சொன்னேன். ஈர பிரஷ்ஷைச் சொன்னேன். பூட்டைச் சொன்னேன்.

அவள் குழந்தையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இதுக்கா இவ்ளோ பயம்? தாய்மாமன் மொகம் வழிக்காமயா புள்ளையப் பாக்க வரும்?"