அக்லாயா இருந்த நோன்பு

அக்லாயா சினிமாவில் வந்துவிட்டாள் என்ற செய்தி ரிபெனிக்கு இத்தாலி வழியாகத்தான் வந்து சேர்ந்தது. எங்கள் ஊர்ச் செய்திகள் பாதி அப்படித்தான் வரும். ஊரில் பாதிப் பேர் அங்கே கிழவிகளைக் குளிப்பாட்டிக்கொண்டும் வீடுகளுக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டும் இருக்கிறார்கள். டூரினில் வீட்டு வேலை பார்க்கும் ஒருத்தி தன் முதலாளியம்மாவைத் தியேட்டருக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். திரையில் பார்த்தால் நம்ம அக்லாயா! அடுப்பு முன்னால் உட்கார்ந்து அவித்த உருளைக்கிழங்கை உப்பில் தொட்டுத் தின்கிறாள். முதலாளியம்மா அழுதாளாம். இவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றதாம். வீட்டுக்கு வந்ததும் ஊருக்குப் போன் போட்டுவிட்டாள்.

அன்று பிடித்த சண்டை அந்த வருஷம் அறுவடை முடிந்தும் ஓயவில்லை.

சண்டைக்களம் ஸம்ஃபிராவின் கடை. ரொட்டி, ஆணி, பீர், மெழுகுவர்த்தி என்று எல்லாம் விற்கும் கடை அது. ஸம்ஃபிரா அக்லாயாவின் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வாய்க்கு ஊரே பயப்படும். படத்தைப் பற்றி உலகம் என்ன சொல்கிறது என்று போனில் தேடித் தேடி, வருகிறவர்களுக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டினாள். ஒருத்தன் இதைப் போலப் படம் பார்த்ததே இல்லை, வெளியே வந்து பேச்சு வரவில்லை என்று எழுதியிருந்தான். அடுத்தவன், தண்ணீர் கொதிப்பதை முழுசாகக் காட்டியிருக்கிறார்கள், நான் எழுந்து போய்க் காபி குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் கொதிக்கவில்லை என்று எழுதியிருந்தான்.

"இவன்தான்டி மனுஷன்!" என்றாள் ஸம்ஃபிரா. "அடுப்பையே பாத்துக்கிட்டு உக்காரணும்னா நான் எங்க வீட்டு அடுப்பைப் பாத்துட்டுப் போறேன். குளிருக்காவது ஆகும். இதுக்குப் பரிசு வேற குடுத்தாங்களாம், பரிசு! நம்ம மானத்தை வித்துப் பரிசு வாங்கியிருக்கான் அந்தத் தாடிப் பய."

தாடிப் பய என்றது படம் எடுத்த சில்வியுவை. தலைநகர் புகாரெஸ்ட்காரன், ஆள் ஒடிசல். பெரிய நோன்புக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய பனியும் சகதியுமான வாரங்களில், ஒரு கேமராவோடும் இரண்டு ஆட்களோடும் வந்து அக்லாயா வீட்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் பாட்டுக்கு உங்கள் வேலையைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னான். அவளும் பார்த்தாள்.

எதிர்க்கட்சிக்குத் தலைவர் நெகுலாய் சாமி. எங்கள் கோயில் குரு. அவருக்குப் படத்தின் ஒரு துண்டை யாரோ போனில் காட்டியிருந்தார்கள். பார்த்ததிலிருந்து மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "இது நோன்பைப் பத்தின படம்! இந்தக் காலத்துல இப்படி ஒரு பக்தியா! ரோமாபுரிக்காரனே அழறான்" என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார்.

ஸம்ஃபிரா அதையே பிடித்துக்கொண்டாள். "அதைத்தான் சாமி நானும் சொல்றேன். நோன்பு! முட்டை, பால், கறி ஒண்ணும் தொடாத நோன்பு. அதைக் கொண்டுபோய்ப் பட்டினின்னு காட்டிட்டான் படுபாவி!"

ஆக, படம் உயர்வு என்றவர்களும் படம் கேவலம் என்றவர்களும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். அக்லாயா பட்டினி கிடக்கவில்லை, நோன்பு இருந்தாள். அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. சந்தேகம் வரவும் நியாயமில்லை. ரிபெனியில் நோன்பென்றால் அக்லாயாதான். புதனும் வெள்ளியும் எல்லாரும் இருப்பார்கள். அவள் திங்களும் சேர்த்து இருப்பாள். வருஷத்தின் நான்கு நீண்ட நோன்பும் தவற மாட்டாள். அதனால்தான் ஞாயிறு பூசைக்குக் கோயில் அப்பம் சுடும் பொறுப்பு அவளிடம் இருந்தது. அது சும்மா கிடைக்கிற மரியாதை இல்லை. புருஷன் இல்லாதவளாக, சுத்தமானவளாக, ஊர் வாயில் ஒரு சொல் விழாதவளாக இருக்க வேண்டும். அக்லாயாவின் புருஷன் ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டார். நாங்கள் அவரைச் செத்தவர் கணக்கிலேயே வைத்துக்கொண்டோம். அவரும் அதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை.

உண்மை என்ன என்பது அக்லாயா ஒருத்திக்குத்தான் தெரியும்.

நகரத்து நூற்பாலையை மூடிய குளிர்காலத்தில் ஆரம்பித்தது அது. வேலை போய் ஊர் திரும்பியிருந்தாள். ஸ்பெயினிலிருந்து போன் வருவது நின்றிருந்தது. கோழிகளை நரி தூக்கிவிட்டது. ஒரு நாள் வெறும் உருளைக்கிழங்கை அவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, சல்லடை கேட்டு வந்த ஸம்ஃபிரா தட்டை எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, புதன்கிழமை நோன்பா?"

அக்லாயா தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அன்று புதன்கிழமை என்பதே ஸம்ஃபிரா சொல்லித்தான் அவளுக்கு நினைவு வந்தது.

அடுத்த வாரம் ஊருக்கே தெரிந்தது. அதற்கடுத்த வாரம் சாமி தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். பிறகு எப்படி நிறுத்துவது? சாப்பாடு இல்லாத நாளெல்லாம் நோன்பு நாளாயிற்று. யார் வீட்டில் சீஸ் பணியாரத்தை நீட்டினாலும், வாயில் எச்சில் ஊற ஊற, "இன்னிக்கு நோன்பு" என்று சொல்லப் பழகினாள். ஒன்றை வாங்கிவிட்டால் கேள்வி வரும் என்று பயம். வெட்கம் என்ற ஒன்று இருக்கிறதே, அது பசியைவிடப் பொல்லாதது. பசி இரண்டு கிழங்குக்கு அடங்கும்.

படம் எடுத்துப் போன பிறகு, இப்போது பென்ஷன் வர ஆரம்பித்துவிட்டது. ஆறு கோழிகளும் இருந்தன. பழசை யாரும் கிளறாமல் இருந்தால் செத்த பிறகு அவளைப் புண்ணியவதி என்றே புதைத்திருப்பார்கள்.

மேயர் கொஸ்டாக்கே சும்மா இருக்கவில்லை. ஊருக்கு வெளியே விருந்தினர் விடுதி கட்டி வெளியூர்க்காரர்களை வரவழைப்பது அவர் கனவு. பட்டினி ஊருக்கு எவன் விடுமுறைக்கு வருவான்? ஆகவே ஒரு திட்டம் போட்டார். சில்வியுவைப் படத்தோடு வரச் சொல்வது. ஊர் மன்றத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டுவது. பத்திரிகைக்காரர்களையும் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் அக்லாயா வாயாலேயே உண்மையைச் சொல்ல வைப்பது. அவளிடம் அவரே நேரில் வந்தார்.

"ஒரே வார்த்தை அக்லாயா அக்கா. 'ஆமா, அது நோன்பு'ன்னு சொல்லுங்க. ஊர் மானமும் தப்பும், உங்க மரியாதையும் நிக்கும். வேற மாதிரி ஏதாவது பேசி வெச்சீங்கன்னா... கோயில் அப்பத்துக்கு ஆள் இல்லாமலா போச்சு? நான் சொல்லணுமா?"

"வேண்டாம் தம்பி, புரியுது" என்றாள் அக்லாயா.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மன்றத்தில் ஈ நுழைய இடமில்லை. படம் ஓடத் தொடங்கியது. ஓடியது என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வது. திரையில் அடுப்பும் பானையும் பக்கவாட்டில் அக்லாயாவும் அப்படியே இருக்க, பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "அண்ணே, மெஷின் நின்னுபோச்சு, பாருங்க!" ஜன்னலுக்கு வெளியே தபால்காரர் க்ரிகோரேயின் பசுமாடு கடந்து போனபோது கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அதுவரை விழித்திருந்த க்ரிகோரே அதற்குப் பின் தூங்கிப்போனார். இரண்டு பெண்கள் பால் கறக்கப் போய்விட்டுத் திரும்பி வந்து, "ஏதாவது நடந்துச்சா?" என்று கேட்டார்கள். "உப்பு எடுத்தா" என்றார்கள் பக்கத்தில் இருந்தவர்கள். ஆனால் முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. அக்லாயா தன் முகத்தைப் பார்க்கவில்லை. திரையில் இருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கிழங்கை நாலாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஆற அமரத் தின்னும் அந்தக் கைகள், இன்னொருத்தியுடையவை போல இருந்தன. அந்த இன்னொருத்தி மேல் அவளுக்கு இரக்கம் பொங்கியது. அந்தக் குளிர்காலங்களில் தன்மேல் அவள் ஒரு நாளும் இரக்கப்பட்டதில்லை.

விளக்கு போட்டதும் ஸம்ஃபிரா எழுந்தாள்.

"ஏம்பா சில்வியு! நீ ஞானஸ்நானம் வாங்கினவன்தானே? அது என்ன மாசம்னு தெரியுமா உனக்கு? பெரிய நோன்பு! இந்த ஊர்ல எவ வீட்டுக்குள்ள கேமராவை வெச்சிருந்தாலும் அதே கிழங்குதான் இருந்திருக்கும். மேயர் வீட்டுலகூட!"

மன்றம் குலுங்கச் சிரித்தது. சில்வியுவின் முகம் வெளுத்துவிட்டது. அது நோன்புக்காலம் என்பது அவனுக்கு அதுவரை உறைத்திருக்கவே இல்லை. அதைப் பார்த்ததும் சிரிப்பு இன்னும் பெருத்தது. உலகமெல்லாம் கொண்டாடிய படம் ரிபெனி மன்றத்தில் கோமாளிக்கூத்தாகிப் போனது.

"அத்தை, அது நிஜமா?" என்று அக்லாயாவைப் பார்த்துக் கேட்டான். "நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா?"

மேயர் புன்னகையோடு அவள் பக்கம் திரும்பினார். பத்திரிகைக்காரப் பெண் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டாள். தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும். பையன் படம் பொய்யாகிவிடும், மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்கும். திரையில் பார்த்தவளை நினைத்தாள் அக்லாயா. அவளையும் பொய்யாக்கிவிட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

எழுந்து நின்றாள்.

"நோன்பு இல்ல. வீட்டுல ஒண்ணும் இல்ல, அதான். அந்த மாசம் மட்டும் இல்ல. ஏழெட்டு வருஷமா நான் நோன்புன்னு சொன்னதெல்லாம் அதுதான். நீங்களா நோன்புன்னீங்க. நான் இல்லைன்னு சொல்லல. சொல்ல வெட்கமா இருந்துச்சு. இப்ப இல்ல."

மேயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஸம்ஃபிரா முந்திக்கொண்டாள். ஏமாற்றப்பட்ட கோபத்தில் அவள் குரல் கிறீச்சிட்டது.

"பசியாம்ல பசி! யார்கிட்ட கதை விடுறே? உன் முதுகுக்குப் பின்னால வெள்ளை மாவு மூட்டை நிக்குதே, கழுத்து வரைக்கும்! ரெண்டு மணி நேரமா அதைத் தவிர வேற எதை நாங்க பாத்தோம்?"

உண்மைதான். வேறு படமாக இருந்தால் கண்ணில் பட்டிருக்காது. இது அசையாத படமாயிற்றே. மூட்டையின் தையல்வரை எல்லாருக்கும் மனப்பாடம்.

"அது கோயில் மாவு" என்றாள் அக்லாயா.

நெகுலாய் சாமி மெல்ல எழுந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான்தான் கொண்டுவந்து இறக்கினேன்" என்றார். "ஒவ்வொரு குளிர்காலமும். ஒரு ஞாயித்துக்கிழமைகூட அப்பம் குறைஞ்சதில்ல. அதையெல்லாம் நான் தின்னேன், நீங்க தின்னீங்க. இவ நம்ம முன்னாடி நின்னுக்கிட்டிருந்தா."

தூக்கம் கலைந்திருந்த க்ரிகோரே கடைசி வரிசையில் எழுந்தார். "இவ இருந்த நோன்பு நானும் இருந்திருக்கேன். ஆலை மூடின வருஷம், இந்த வேலையும் மாடும் கிடைக்கிறதுக்கு முந்தி. என் பொண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியும்."

"வெங்காயமும் களியும்" என்றாள் வேறொருத்தி. "ரெண்டு மாசம்."

"வெங்காயமா? கொடுத்து வெச்சவதான் நீ! எங்க வீட்டுல களிக்குத் தொட்டுக்கக் களிதான்!"

யாரோ சிரித்தார்கள். பிறகு பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் எங்கள் ஊரில் யார் வீட்டுக் கூரை புதுசு, யார் மகன் கார் பெரிசு என்றுதான் போட்டி. அன்று முதல்முறையாக யார் அதிகம் பட்டினி கிடந்தது என்று போட்டி நடந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்கள். அழுதுகொண்டே சிரித்தார்கள். "பத்திரிகைக்காரங்க இருக்காங்க..." என்று மேயர் முனகினார். "எழுதட்டும்யா! நல்லாப் பெரிய எழுத்துல எழுதட்டும்!" என்று நாலு பக்கத்திலிருந்தும் பதில் வந்தது. சில்வியு மேடை ஓரத்தில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

"தம்பி, உன் படம் உண்மைதான்" என்று அவன் தோளைத் தட்டினார் க்ரிகோரே. "ஆனா இழுவை. அதை நான் மாத்திச் சொல்ல மாட்டேன்."

இந்தக் களேபரத்தில் ஸம்ஃபிரா வெளியேறியதைச் சிலர் பார்த்தார்கள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றே நினைத்தார்கள். திரும்பி வந்தபோது அவள் கையில் பெரிய தட்டு இருந்தது. சூடான சோளக்களி, அதன்மேல் உதிர்த்த ஆட்டுப்பால் சீஸ், அதற்கும் மேல் கட்டியான பாலேடு. கண்ணெல்லாம் சிவந்திருந்தது அவளுக்கு. அக்லாயாவை உட்கார வைத்து, தட்டை அவள் மடியில் வைத்தாள்.

"பக்கத்து வீட்டுலதானேடி இருந்தேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீதானே முதல்ல நோன்பான்னு கேட்ட. உன்னைப் பொய்க்காரி ஆக்கிட்டு நான் இந்த ஊர்ல உயிரோட இருக்க முடியுமா?"

"தின்னு, பேசாம தின்னு" என்றாள் ஸம்ஃபிரா, மூக்கைச் சிந்திக்கொண்டே.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை" என்று யாரோ மெதுவாக நினைவூட்டினார்கள். எல்லாரும் நெகுலாய் சாமியைப் பார்த்தார்கள். அவர் அக்லாயாவின் கையில் கரண்டியை எடுத்துக் கொடுத்தார்.

"இந்த ஊருக்கான நோன்பையெல்லாம் சேர்த்து நீயே இருந்து முடிச்சிட்ட. சாப்பிடு தாயி. நாளைக்கு அப்பம் சுடணும்."

ஊரே சுற்றி நின்று பார்க்க, அக்லாயா சாப்பிட்டாள். ஆற அமர, ஒரு வாய்க்கும் அவசரப்படாமல் சாப்பிட்டாள். யாரும் நகரவில்லை, யாருக்கும் அது இழுவையாகப் படவில்லை. தட்டு காலியானதும் வாயைத் துடைத்துக்கொண்டு அதை ஸம்ஃபிராவிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் போடு. பாலேடு நிறைய."