எனக்கு வராத அப்பம்

மகளுக்கு நாங்கள் ஞானஸ்நானம் கொடுத்தபோது அவள் கைக்குழந்தை. போதகர் நெற்றியில் தண்ணீர் விட்டதும் வீரிட்டு அழுதாள். இவளுக்காக விசுவாசிக்கிறீர்களா என்று கேட்டார். நானும் மனைவியும் ஆம் என்றோம். அந்த ஆம் போதும் என்றுதான் இத்தனை வருடம் இருந்தேன்.

போன வருடம் அவள் செவிலிமேட்டில் ஒரு சபைக்குப் போகத் தொடங்கினாள். குழந்தையில் கொடுத்தது செல்லாது, தானே அறிந்து முழுகி எடுப்பதுதான் ஞானஸ்நானம் என்றாள்.

"பாலாத்துல கால் நனைக்கத் தண்ணி இல்ல, இவளுக்கு முழுக்கு கேக்குது," என்றாள் மனைவி.

"சபையிலயே தொட்டி கட்டியிருக்காங்கம்மா. நீ வந்து பாரும்மா."

போனோம். வெள்ளை உடையில் முழுகி எழுந்தவளின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. உடை மாற்றி, ஈரத் தலையோடு எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தாள். பிறகு திருவிருந்துக்கு அப்பம் பிட்டுத் தட்டில் அனுப்பினார்கள். தன் துண்டை எடுத்துக்கொண்டு, தட்டை என் மடிக்கு மேலாக நீட்டி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டாள்.

"நீங்க இன்னும் முழுக்கு எடுக்கலல்லப்பா. தப்பா நெனச்சுக்காதீங்க," என்றாள் காதோரம்.

"பந்தியில உக்கார வெச்சு எழுப்பிவுட்ட மாதிரி இருக்குது," என்று மனைவி முணுமுணுத்தாள்.

அன்றிலிருந்து குழப்பம். எனக்கும் குழந்தையில்தான் கொடுத்தார்கள். அது செல்லாதென்றால் இத்தனை காலம் முழங்காலில் நின்று நான் வாங்கியது என்ன? செல்லுமென்றால் அந்தத் தொட்டியிலிருந்து அவள் எதோடு எழுந்தாள்? ஒன்றுமில்லாமலா அந்த முகம்? எங்கள் போதகரிடம் கேட்டேன். "ஞானஸ்நானம் ஒருதரம்தான், கவலைப்படாதீங்க," என்றார். கவலை போகவில்லை.

எங்கள் சபையில் அடுத்த திருவிருந்து ஞாயிறு. எங்கள் வரிசை எழுந்து முன்னால் போனது. நான் எழவில்லை. தகுதியில்லாமல் வாங்கினால் குற்றம் என்று படித்தது நினைவில் நின்றது. வாங்காமல் இருப்பது அதைவிடக் குற்றமாகவும் தோன்றியது.

திரும்பி வந்த மனைவி, "ஏன் வரல? தலை சுத்துதா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. பொண்ணுகிட்ட சொல்லாத. எனக்காகப் பண்ற ஜெபம் கேக்கப்பட்டுச்சுன்னு குதிப்பா."

"அவ குதிக்கட்டும். நீங்க எதுக்கு உக்காந்துட்டீங்க, அத சொல்லுங்க மொதல்ல."

பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன்.