உப்புநீர்ப் பூச்சி குளத்துக்கு வந்த கதை

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் புதுச்சேரியில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். ரோட்டிஃபர் என்று ஓர் உயிரி. வெறும் கண்ணுக்குப் புள்ளியாகக்கூடத் தெரியாது. குளத்துத் தண்ணீரை மெல்லிய வலையில் வடித்து, அதில் எத்தனை வகை ரோட்டிஃபர் இருக்கிறது என்று பிரிப்பதுதான் என் ஆய்வு. ஓட்டில் இரண்டு முள்ளா நான்கு முள்ளா, நீளமா குட்டையா என்று நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பில் பார்த்து மண்டை காய்ந்துவிடும். ஒன்றாவது ஒழுங்காகத் திரும்பிக் காட்டுமா என்றால், காட்டாது.

வாராவாரம் இரண்டு இடத்தில் வலை போடுவேன். திங்கட்கிழமை பிள்ளைச்சாவடி பக்கம் ஓர் உப்புநீர் வாய்க்கால். செவ்வாய்க்கிழமை உழவர்கரை பக்கம் ஒரு நன்னீர்க் குளம். ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று மாதம்கூட இல்லாத நேரத்தில், குளத்துத் தண்ணீர் பாட்டிலில், நன்னீரில் இருக்கவே கூடாத உப்புநீர் ரோட்டிஃபர் கிடக்கிறது. அடுத்த வாரமும் அப்படியே. ஒரு வருட உழைப்பு போச்சு என்று அழுகையே வந்துவிட்டது.

பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுபவர் எங்கள் லேப் அட்டெண்டர். சேதராப்பட்டிலிருந்து வருவார், தற்காலிக வேலை. அவர்தான் மாற்றி ஒட்டிவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"நான் மாத்தலம்மா. நீங்க குடுத்த வரிசையிலதான் ஒட்டுனேன்" என்றார்.

"அப்ப பூச்சி பஸ் ஏறி வந்துச்சா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். அதோடு விட்டேனா? துறைத்தலைவரிடம் புகார் எழுதியும் கொடுத்தேன். மறுநாளிலிருந்து அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வாரம் லேபிளை நானே ஒட்டினேன். பார்த்தால், அதே சனியன். எங்கிருந்துதான் வந்து தொலைக்கிறது? அதற்கடுத்த செவ்வாய், குளத்துக்குக் கிளம்பும் முன் எரிச்சலோடு வலையைக் குழாய்த் தண்ணீரில் அலசி, அலசிய தண்ணீரில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அதிலும் இருந்தது. கடைசி நேர அவசரத்தில், வாய்க்காலில் போட்ட வலையைக் கழுவாமல், ஓர் உதறு உதறிச் சுருட்டி வைத்து, மறுநாள் குளத்தில் போட்டுக்கொண்டிருந்தவள் நான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது.

அன்றே துறைத்தலைவரிடம் உண்மையைச் சொல்லி, திட்டு வாங்கி, புகாரைத் திரும்பப் பெற்றேன். அட்டெண்டரை மறுபடி வேலைக்கு எடுக்கச் சம்மதித்தார்கள். சேதராப்பட்டுக்கு ஓடினேன். அவர் அங்கேயே ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்.

"வேல திரும்பத் தராங்கண்ணா, வாங்க."

"வேணாம்மா. இனிமே அங்க எது காணாப்போனாலும் மொதல்ல என் மூஞ்சியத்தான் பாப்பாங்க."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். ஒரு காகிதத்தைத் திரும்பப் பெற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிப் போனவள் நான். அன்று நாலு பேர் சிரித்ததைத் திரும்பப் பெற வழியில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.