பெருமாளின் ஸ்பீக்கர்

பெருமாளின் ஸ்பீக்கரை எரித்தவன் நான்தான். லிந்துலையில் கல்யாணங்களுக்குப் பாட்டுப் போட்டுப் பிழைப்பவர் அவர். ஓய்வுபெற்ற ஆசிரியனான நான், போனில் வீடியோ பார்த்து முதன்முதலாக ஒரு அம்பிளிஃபையர் செய்தேன். சோதித்துப் பார்க்க அவருடைய ஸ்பீக்கரை இரவல் வாங்கினேன். பாட்டுக் கேட்கும் அவசரத்தில், ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியில், அதை எரித்துவிடக்கூடிய நேரோட்ட மின்சாரம் (டி.சி.) வருகிறதா என்று மீட்டரில் அளக்க மறந்தேன். ஓர் உறுமல், எரிந்த வாடை, அவ்வளவுதான். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் அது ஊமையாகக் கிடந்தது.

"என்ன பெருமாளண்ணே, பொண்ண விட ஒங்க பொட்டிக்கு வெக்கமா?" என்று மாப்பிள்ளையின் தோழர்கள் சிரித்தார்கள். இனி வேறு ஆளைப் பிடிப்பதாக மாப்பிள்ளையின் அப்பா சத்தமாகச் சொன்னார். நான் பந்தியில் தலைகுனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பெருமாளிடமும் மாப்பிள்ளை வீட்டிலும் உண்மையைச் சொன்னேன். ஸ்பீக்கரை அட்டன் டவுனுக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்த்துக் கொடுத்தேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா வேற பொட்டி கொண்டு போயிருப்பேனே, சார்," என்றார் பெருமாள்.

அம்பிளிஃபையரை நான் கைவிடவில்லை. பிரித்து, பிழை தேடி, மறுபடி செய்து முடித்து அவரை அழைத்தேன். ஸ்பீக்கரோடு வந்தார். நான் அளந்து காட்டிய பிறகும், மீட்டரை வாங்கித் தானும் அளந்தார். பாட்டு தெளிவாக வந்தது.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க, சார்."

தேநீர் குடித்ததும் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். இன்னும் ஒரு நாள் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.