விலாவில் போட்ட கோடு

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன்பிறகு எந்த ஊரிலும் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. திருப்பூரில் பனியன் கட்டிங், காங்கேயத்தில் எண்ணெய் மில், கொஞ்ச நாள் லாரியில் கிளீனர், திரும்பவும் கட்டிங். வருடம் முழுக்க ஒரே அறையில் தங்கியது பல்லடத்தில்தான். மனைவிக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்த வருடம் அது. கீழே விசைத்தறிச் சத்தம், ஒற்றை பிளாஸ்டிக் நாற்காலி, மத்தியானத்தில் நான் வைக்கும் ரசம். எங்கள் வாழ்க்கையில் அதிகம் பேசிக்கொண்டது அந்த அறையில்தான்.

ஆபரேஷன் முடிந்து, ஊசி மருந்தும் முடிந்து, தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. கடைசியாகக் கதிர் சிகிச்சை. எங்கள் பக்கம் அதை ‘கரண்ட் வைப்பது’ என்போம். கோவை ஆஸ்பத்திரியில் முதல் நாளே கரண்ட் வைத்துவிடவில்லை. சாய்வான பலகையில் படுக்கவைத்து, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். அப்படியே மார்பிலும் விலாவிலும் மையால் கோடுகள் போட்டார்கள். எந்தப் பக்கமிருந்து எவ்வளவு கதிர் என்று கணக்குப் போடும் மேடம், “பிளான் ரெடியாக ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் கோடு அழியக்கூடாது. மங்கினா இங்க வந்துடுங்க” என்றார்.

பல்லடத்து வெயிலில் ஐந்தாம் நாளே விலாக் கோடு வியர்வையில் மங்கிவிட்டது.

“ஏனுங்க, பாதி போயிருச்சுங்க. கோவைக்குப் போலாங்களா?”

“இதுக்கொரு பஸ்ஸா அம்மிணி? எத்தன வருசமாக் கோடு போடறவன் நானு.”

“துணிக்குப் போட்டீங்க. நான் என்ன எக்ஸ்போர்ட் பீஸுங்களா?”

“ஆடாம உக்காரு.”

நாற்காலியில் உட்காரவைத்து, கட்டிங் டேபிள் பேனாவால் எல்லாக் கோடுகள் மேலும் இழுத்தேன்; அழிந்த இடங்களை நேராகச் சேர்த்தேன். ஒரு பிசிறு இல்லை. எனக்குப் பெருமைதான்.

கரண்ட் வைக்கும் நாள் வந்தது. உள்ளே போனவளை நேரமாகியும் விடவில்லை. அந்த மேடம்தான் வெளியே வந்தார்.

“கரண்ட் வைக்கறதுக்கு முன்னால எப்பவும் ஒரு படம் எடுத்துப் பாப்போம். அதுல எலும்பு பிளானோட சேரல. இந்தக் கோட்டை யார் போட்டது?”

“நானுங்க மேடம். கட்டிங் மாஸ்டருங்க. பழைய கோட்டு மேலயேதான் போட்டனுங்க.”

“உக்காரவெச்சா, படுக்கவெச்சா?”

“உக்காரவெச்சுங்க.”

“கை?”

“கீழதானுங்க இருந்துச்சு.”

அவர் திட்டவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் கூட்டிப்போனார். திரையில் அவள் உடம்பு துண்டு துண்டாகத் தெரிந்தது. “இதுதான் அவங்க இதயம். பாருங்க, எவ்வளவு பக்கத்துல இருக்கு. இதுமேல படாம நெஞ்சுக்கு மட்டும் முழு டோஸ் போகணும்னுதான் நானும் டாக்டரும் ஒரு வாரம் உக்காந்திருக்கோம். கை கீழ இருக்கறப்போ போட்ட கோடு, கையத் தூக்கிப் படுத்தா தோலோட நகர்ந்துடும். உங்க கோட்டை நம்பி வெச்சிருந்தா இங்க பட்டிருக்கும், அங்க குறைஞ்சிருக்கும்.”

பனியன் துணி இழுத்தால் ஓர் அளவு, விட்டால் ஓர் அளவு. ரோலைப் பிரித்துப் போட்டு, துணி சுருங்கி அடங்கிய பிறகுதான் கத்தி வைப்போம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அதைத்தான் முதலில் சொல்வேன். அவள் தோலை மட்டும் காகிதம் என்று நினைத்துவிட்டேன்.

மறுபடி ஸ்கேன், மறுபடி கோடு, மறுபடி பிளான். “நாள் தள்ளினா ஒண்ணும் ஆகாதுங்களா?” என்று கேட்டேன். “ரொம்பத் தள்ளக்கூடாது. நாலு நாள்ல முடிச்சுத் தர்றேன்” என்றார்.

அந்த நாலு நாளும் அவள் இடுப்புக்குக் கீழேதான் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். மின்சாரம் போனால் நான் அட்டையால் விசிறுவேன். “கையில பேனா இல்லீங்களே?” என்று சந்தேகமாகக் கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவாள். சிரிப்புச் சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்படி ஒரு நாலு நாள் திரும்ப வரவில்லை.

ஐந்தாம் நாள் தடிமனான கதவுக்கு வெளியே நின்றேன். படம் பார்த்துவிட்டு மேடம் தலையை நீட்டினார். “சேர்ந்திருச்சு அண்ணா.” கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. சில நிமிடங்களில் அணைந்தது.

வந்தவளிடம், “சுட்டுதா?” என்றேன்.

“ஒண்ணுமே தெரியலீங்க. கைதான் மரத்துப்போச்சு.”

பல்லடம் பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. சூலூர் தாண்டும்வரை அந்தக் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே வந்தேன்.