இன்னும் இரண்டு அடைப்பு

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பழகுபவர் லாரியை நோக்கித் திருப்பினாலும் குரல் உயராது; பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பெயரே ‘ஐஸ்கட்டி’தான். ஒருநாள் காலை தாடை விண்விண்ணென்று தெறித்தது. சொத்தைப் பல்லாக இருக்கும் என்று பல் டாக்டரிடம் போனாள். நாற்காலியில் சாய்ந்ததும் வியர்வை கொட்டியது.

“பல்லுல ஒண்ணும் இல்லம்மா. எழுந்திரிக்காதீங்க,” என்று சொல்லிவிட்டு டாக்டர் ஆம்புலன்ஸை அழைத்தார்.

மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைபட்ட ரத்தக் குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வெளியே நின்ற தங்கை, ‘அப்பாடா, பிழைச்சுட்டா’ என்று மூச்சு விடுவதற்குள் இதய டாக்டர் வந்தார்.

“அட்டாக்குக்குக் காரணமான அடைப்பைச் சரி பண்ணியாச்சு. ஆனா மத்த ரெண்டு குழாய்லயும் அடைப்பு இருக்கு.”

“அதையும் கையோட எடுத்துடுங்க டாக்டர்!”

“இதயம் கொஞ்சம் தேறட்டும். சில வாரம் கழிச்சுச் செய்யலாம்.”

அந்தச் சில வாரங்கள் இருவரையும் பாடாய்ப் படுத்தின. ஏப்பம் வந்தாலும் ஐஸ்கட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். தூங்கப் பயந்து நாற்காலியிலேயே சாய்ந்து கிடந்தாள். குளிக்கும்போது கதவைத் தாழிடுவதில்லை. குளியலறை வாசலில் முக்காலி போட்டுத் தங்கை காவல் இருந்தாள்.

“அக்கா, பாடிக்கிட்டே குளி. பாட்டு நின்னா உள்ள வந்துடுவேன்.”

“என் பாட்டைக் கேட்டா உனக்குத்தான்டி அட்டாக் வரும்.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்ததில் அக்காவுக்கு நெஞ்சு லேசாக இழுத்தது. சிரிப்பு பாதியில் அறுந்தது. உள்ளே ஓடிய தங்கை, வலி அடங்கும்வரை அவள் ஈரக் கையை விடவில்லை.

இரண்டாம் முறை மேசையில் படுத்தபோது, தன் இதயம் தெரியும் திரையைப் பார்க்கத் துணிவில்லாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒரு குழாய்க்கு மட்டும் ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாவது நூல்போல மெலிந்தது; அதில் ஸ்டென்ட் நிற்காது என்றார் டாக்டர்.

“அப்ப அது உள்ளயே இருக்குமா?”

“இருக்கும். மாத்திரையை விட்டுடாதீங்க, தினமும் நடங்க. அதோடயே வாழலாம்.”

மெல்ல வேலைக்குத் திரும்பினாள். பாடம் நடக்கும்போது போன் அடிக்கும். வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு எடுப்பாள்.

“என்னடி?”

“ஒண்ணுமில்லக்கா, சும்மாதான்.”

“இருக்கேன். வை.”

பழகுபவரைப் பார்த்து, “கண்ணாடியைப் பாத்துட்டு எடுங்க,” என்பாள். விரல்கள், நெஞ்சு வலித்தால் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும்.